கார் ஸ்பார்க் பிளக்கை வீட்டிலேயே மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மெக்கானிக் இல்லை. முதலில் ஒரு மாருதி 800 வைத்திருந்தேன், இப்போது மூன்று சிலிண்டர் வேகன் ஆர். இரண்டுக்கும் பிளக்கை நானேதான் மாற்றி வந்திருக்கிறேன். ஒரு முறை நன்றாகச் சொதப்பியும் இருக்கிறேன். அந்தக் கதை கீழே வரும். மைத்துனர், ஆபீஸ் நண்பர்கள், எதிர்வீட்டுக்காரர் என்று பலர் என்னிடம் கேட்ட கேள்விகள்தான் இவை. பெட்ரோல் கார்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் காரோடு வந்த கையேடு வேறு மாதிரி சொன்னால், கையேடு சொல்வதையே கேளுங்கள்.

ஸ்பார்க் பிளக் என்னதான் செய்கிறது?

சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து அழுத்தப்பட்டு நிற்கும். அதைப் பற்றவைக்க ஒரு பொறி வேண்டும். பேட்டரியின் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் (coil) என்ற பாகம் 20,000 வோல்ட்டுக்கும் மேலே தூக்கிவிடுகிறது. அந்த மின்சாரம் பிளக்கின் நுனியில் இருக்கும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டிக் குதிக்கிறது. வேலை அவ்வளவுதான்.

ஆனால் எத்தனை முறை குதிக்கிறது என்று கணக்குப் போட்டால்தான் பிளக் படும் பாடு புரியும். சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள எஞ்சினில், இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை ஒவ்வொரு பிளக்கும் பொறி விடும். நிமிடத்துக்கு 2,000 சுற்று, மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30,000 கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள் ஒரு பிளக் நாலரைக் கோடிப் பொறிகள் விட்டிருக்கும். ஒவ்வொரு பொறியும் நுனியில் இருக்கும் உலோகத்தைத் துளித்துளியாக அரித்துக்கொண்டே போகும். இடைவெளி அகலும், பொறி தாண்ட இன்னும் அதிக வோல்ட் தேவைப்படும், காயில் திணறும். பிளக் தேய்ந்தது தெரியாமலே ஓட்டிக் கடைசியில் காயிலையும் சேர்த்து மாற்றியவர்கள் உண்டு.

என் காரில் எத்தனை பிளக் இருக்கும்?

சிலிண்டருக்கு ஒன்று. மூன்று சிலிண்டர் என்றால் மூன்று, நான்கு என்றால் நான்கு. விதிவிலக்கும் உண்டு: 2003-இல் இந்தியாவுக்கு வந்த ஹோண்டா சிட்டியின் ஐ-டிஎஸ்ஐ எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டு, ஆக மொத்தம் எட்டு. நாலு பிளக் வாங்கிக்கொண்டு போய் நின்றால் அசடு வழிய வேண்டியதுதான். பின்வரிசை நான்கைக் கழற்றுவதும் லேசில்லை. முதல் முறை இந்த வேலையில் இறங்குபவர் அந்தக் காரில் பழக வேண்டாம்.

டீசல் காரில்?

ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அதில் டீசல் அழுத்தத்தின் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். மெக்கானிக் ‘ஹீட்டர் பிளக்’ என்று சொல்வது குளிரில் ஸ்டார்ட் ஆக உதவுகிற வேறு சமாசாரம். இந்தப் பக்கம் அதைப் பற்றியது அல்ல.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்?

சாதாரண நிக்கல் பிளக் என்றால் 30,000 முதல் 40,000 கிலோமீட்டர். பிளாட்டினம், இரிடியம் என்றால் 80,000-லிருந்து ஒரு லட்சம் வரைகூடப் போகும். சரியான எண் கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் இருக்கும்.

இதில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. பிளக்கின் உழைப்பைத் தீர்மானிப்பது எஞ்சின் சுற்றிய சுற்றுகள்தானே தவிர, ஓடோமீட்டர் அல்ல. தினமும் கிண்டி சிக்னலில் ஊர்ந்து போகிற காரும், திருச்சி நான்கு வழிச்சாலையில் சீராக ஓடுகிற காரும் ஒரே 30,000-ஐக் காட்டலாம்; முதல் காரின் பிளக் அதிகம் உழைத்திருக்கும். நகரத்துக்குள்ளேயே ஓட்டுபவர்கள் கொஞ்சம் முன்கூட்டியே கழற்றிப் பார்ப்பது நல்லது.

பிளக் போய்விட்டது என்று எப்படித் தெரியும்?

காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு செல்ஃப் நீளமாக இழுக்கும். சிக்னலில் ஐடிலிங்கில் நிற்கும்போது வண்டி லேசாக உதறும். மேம்பாலம் ஏறும்போதோ ஏசி போட்டு ஓவர்டேக் செய்யும்போதோ ‘டக் டக்’ என்று இழுத்து விடும், பிக்கப் இருக்காது. இதைத்தான் நம்மூரில் ‘மிஸ்ஸிங்’ என்கிறோம். மைலேஜும் குறையும். ஆனால் மைலேஜ் குறைய நூறு காரணம் உண்டு, டயரில் காற்று குறைந்தாலே போதும். அதை மட்டும் வைத்துப் பிளக்கைக் குற்றம் சொல்லாதீர்கள்.

செக் எஞ்சின் விளக்கு அணையாமல் எரிந்தால் சீக்கிரம் பாருங்கள். விட்டு விட்டு மின்னினால் மெதுவாக ஓரம் கட்டிவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலென்சர் பக்கம் போய் அங்கே எரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சூட்டில், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் உருகிவிடும். அதன் விலையில் உங்கள் ஆயுளுக்கும் பிளக் வாங்கலாம்.

பிளக்கா காயிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காரின் கம்ப்யூட்டரில் பதிவாகும் கோளாறுகளைப் படித்துச் சொல்லும் ஓபிடி ஸ்கேனர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மொபைலோடு ப்ளூடூத்தில் இணையும் சிறிய ரகம் போதும். அதில் பி 0300 என்ற கோளாறு எண் வந்தால் பல சிலிண்டர்களில் மிஸ்ஸிங். பி 0301 என்றால் முதல் சிலிண்டர், 0302 என்றால் இரண்டாவது, இப்படியே.

0301 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதில் மாட்டி, இரண்டாவதன் காயிலை முதலாவதில் மாட்டுங்கள். ஸ்கேனரில் பழைய எண்ணை அழித்துவிட்டு ஒரு ரவுண்டு ஓட்டுங்கள். எண் 0302-க்கு நகர்ந்துவிட்டால் கோளாறு அந்தக் காயிலில்தான். 0301-லேயே நின்றால் பிளக்கை இதே மாதிரி இடம் மாற்றிப் பாருங்கள். அதற்கும் நகரவில்லை என்றால் இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் என்று விஷயம் வேறு பக்கம் போகிறது, மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம். பத்து பைசா செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் ‘எல்லாத்தையும் மாத்திடலாம் சார்’ என்று சொல்கிற இடத்தில் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

பிளக்கை வெளியே எடுத்து, எஞ்சின் மேல் வைத்து, செல்ஃப் அடித்துப் பொறி வருகிறதா என்று பார்க்கலாமா?

வேண்டாம். கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் அது. திறந்த ஓட்டை வழியாகப் பெட்ரோல் ஆவி வெளியே வரும், பக்கத்திலேயே பொறி. ஷாக்கும் பலமாக அடிக்கும், இன்றைய கார்களில் காயிலும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியுவும் அடிபடலாம்.

பெட்டியில் எழுதியிருக்கும் எழுத்துகளுக்கு என்ன அர்த்தம்?

என்ஜிகே நிறுவனத்தின் பி.கே.ஆர்.6.ஈ-11 என்ற பிளக்கை எடுத்துக்கொள்வோம். பி என்றால் மரையின் குறுக்களவு 14 மி.மீ. கே என்றால் பானா பிடிக்கும் அறுகோணம் 16 மி.மீ. ஆர் என்றால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது. இல்லாவிட்டால் ரேடியோவில் கரகரப்பு வரும், இசியுவும் குழம்பும். 6 என்பது வெப்ப எண். ஈ என்றால் மரையின் நீளம் 19 மி.மீ. கடைசியில் வரும் 11 என்பது நுனி இடைவெளி 1.1 மி.மீ.

வெப்ப எண்ணில் ஒரு குழி இருக்கிறது. என்ஜிகே, டென்சோ இரண்டிலும் எண் கூடினால் பிளக் ‘குளிர்ந்த’ ரகம், அதாவது சூட்டை வேகமாக ஹெட்டுக்கு (பிளக் மாட்டியிருக்கும் எஞ்சினின் மேல்பகுதி) கடத்திவிடும். பாஷ், சாம்பியன் இரண்டிலும் நேர் எதிர். எண் கூடினால் சூடான ரகம். ‘அதிலும் 6, இதிலும் 6, ஒன்றுதானே’ என்று ஒரு கம்பெனிக்குப் பதில் இன்னொன்றை மாட்டிவிடக் கூடாது. கடைக்காரரிடம் மாற்று எண் அட்டவணையைப் பார்க்கச் சொல்லுங்கள். மரையின் நீளம் மாறினால் இன்னும் மோசம். நீளம் அதிகமான பிளக் பிஸ்டனில் போய் முட்டும்.

எந்தக் கம்பெனி நல்லது?

கார்க் கம்பெனி சிபாரிசு செய்யும் அதே எண் எந்தக் கம்பெனியில் கிடைக்கிறதோ அது. பழைய மெக்கானிக்குகளில் சிலர் எல்லாப் பிளக்கையும் ‘மைக்கோ பிளக்’ என்பார்கள். 1951-இல் தொடங்கிய அந்தப் பெங்களூர் மைக்கோதான் 2008-இல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. என்ஜிகே-யும் 2023-இல் நிறுவனத்தின் பெயரை நிட்டெரா என்று மாற்றிக்கொண்டது. பெட்டியின் மேல் மட்டும் பழைய பெயரே தொடர்கிறது.

இரிடியம் பிளக் போட்டால் பிக்கப்பும் மைலேஜும் கூடுமா?

தேய்ந்த பிளக்கை எடுத்துவிட்டு எந்தப் புது பிளக்கைப் போட்டாலும் கூடும். அந்தப் புகழை இரிடியம் தட்டிக்கொண்டு போகிறது.

இரிடியத்தின் உருகுநிலை 2,446 டிகிரி செல்சியஸ், நிக்கலுக்கு 1,455. அதனால் நுனியை ஊசிபோல மெலிதாகச் செய்யலாம், நீண்ட நாள் தேயாது, பொறிக்கும் கொஞ்சம் குறைவான வோல்ட் போதும். லாபம் ஆயுளில்தான். நிக்கலைப்போல நான்கைந்து மடங்கு விலை என்றாலும் இரண்டரை மடங்கு தூரம் ஓடும். எட்டுப் பிளக் சிட்டி மாதிரி கழற்றுவதே பெரும்பாடு என்றால் இரிடியம் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். வேகன் ஆர் மாதிரி அரை மணியில் முடிகிற வேலை என்றால் நான் நிக்கல்தான் போடுவேன். ஆனால் உங்கள் காரில் கம்பெனியே இரிடியம் போட்டுத் தந்திருந்தால் இரிடியத்தையே போடுங்கள், அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

போலிப் பிளக் வருகிறதாமே?

வருகிறது. அச்சு மங்கலாக இருக்கும், மரையில் பிசிறு இருக்கும், பீங்கான் மேலிருக்கும் எழுத்து நகத்தால் சுரண்டினால் வரும், வாஷர் கையோடு கழன்று வரும். சென்னை ஜி.பி. ரோட்டில் எல்லாம் கிடைக்கும், அசலும் உண்டு மற்றதும் உண்டு. பில் தருகிற கடையில் வாங்குங்கள். பாதி விலைக்குத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் ஏன் என்று யோசியுங்கள்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

ராட்செட், அரை அடி எக்ஸ்டென்ஷன், உள்ளே ரப்பரோ காந்தமோ வைத்த பிளக் சாக்கெட். சாக்கெட் அளவு பெரும்பாலும் 16 மி.மீ., சில புதிய கார்களுக்கு 14, பழைய கார்களுக்கு 21. காயில் போல்ட்டுக்கு 10-ஆம் நம்பர் சாக்கெட். எவ்வளவு பலத்தில் இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் உத்தமம். அப்புறம் சைக்கிள் பம்ப் ஒன்று, கால் அடி பெட்ரோல் டியூப் ஒரு துண்டு. இந்த இரண்டும் எதற்கென்று பின்னால் தெரியும்.

எஞ்சின் சூடாக இருக்கும்போது செய்யலாமா?

கூடாது. இன்றைய எஞ்சின்களின் ஹெட் அலுமினியம், பிளக்கின் உடல் எஃகு. சூட்டில் முறுக்கினால் மரை பிய்ந்துகொண்டு வரும். ராத்திரி நிறுத்திய வண்டியில் காலையில் காபி குடித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கழற்றும் முறையைச் சொல்லுங்கள்.

சாவியை எடுத்துவிடுங்கள். சாவி இல்லாமல் பட்டனில் ஸ்டார்ட் ஆகும் வண்டி என்றால் ரிமோட்டை வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். ஹைபிரிட் என்றால் இது கட்டாயம். ‘ரெடி’ என்று காட்டிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் தானாகவே ஓட ஆரம்பிக்கலாம்.

பானெட்டைத் திறந்து பிளாஸ்டிக் மூடியை எடுங்கள். கே-சீரிஸ் எஞ்சின் உள்ள மாருதியில் எஞ்சின் மேல் உட்கார்ந்திருப்பது ஏர் ஃபில்டர் பெட்டிதான். கிளிப், போல்ட், பைப் கழற்றி மொத்தமாகத் தூக்க வேண்டும். தூக்கிய பிறகு திறந்து கிடக்கும் காற்றுக் குழாயின் வாயில் ஒரு சுத்தமான துணியைச் செருகுங்கள். ஒரு நட்டு உள்ளே விழுந்தால் கதை கந்தல்.

இப்போது காயில்கள் தெரியும். கனெக்டரின் பூட்டை அழுத்திக்கொண்டு இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பத்து வருட வண்டியில் அந்தப் பூட்டு அப்பளம் மாதிரி ஒடியும், பொறுமையாகச் செய்யுங்கள். போல்ட்டை எடுத்துவிட்டுக் காயிலை இடமும் வலமும் கொஞ்சம் திருகி, பிறகு நேராக மேலே தூக்குங்கள். காயிலுக்குப் பதில் நீளமான பிளக் வயர் உள்ள பழைய வண்டி என்றால் ஒவ்வொன்றாகத்தான் கழற்ற வேண்டும், வயர் இடம் மாறினால் எஞ்சின் ஓடாது.

காயில் வெளியே வந்ததும் கீழே ஒரு குழி தெரியும், அடியில் பிளக். உடனே பானாவைப் போடாதீர்கள். குழிக்குள் மண், வேப்பிலைச் சருகு, சில சமயம் எறும்பு எல்லாம் இருக்கும். பிளக்கை எடுத்ததும் அதெல்லாம் சிலிண்டருக்குள் விழும். சைக்கிள் பம்பால் நாலு அடி ஊதிவிட்டு, அப்புறம் சாக்கெட்டை இறக்கி, கடிகார முள் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கம் திருப்புங்கள். முதல் அசைவுக்குக் கொஞ்சம் பலம் வேண்டும், பிறகு கையாலேயே சுற்ற வேண்டும். சாக்கெட் எக்ஸ்டென்ஷனிலிருந்து கழன்று குழிக்குள்ளேயே தங்கிவிடுவது உண்டு. இரண்டையும் இன்சுலேஷன் டேப்பால் சேர்த்துச் சுற்றிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

ஒரு பிளக்கைக் கழற்றி, புதியதை மாட்டி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

பிளக் அசையவே மாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

பைப் போட்டு நீட்டி முறுக்காதீர்கள். துரு நீக்கும் ஸ்பிரேயை மரை ஓரத்தில் கொஞ்சம் விட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு கால் சுற்று கழற்றி, எட்டில் ஒரு பங்கு இறுக்கி, மறுபடி கழற்றி, இப்படி ஆட்டி ஆட்டி எடுங்கள். ‘கீச்’ என்று சத்தம் போட்டு இறுகிக்கொண்டே போனால் அதோடு நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பிளக் உள்ளே ஒடிந்தால் ஹெட்டையே இறக்க வேண்டி வரலாம்.

எவ்வளவு இறுக்க வேண்டும்?

மொத்த வேலையிலும் இதுதான் முக்கியமான கேள்வி. நான் சொதப்பியதும் இங்கேதான்.

அந்த 800-இல் நடு பிளக்கை ராட்செட்டில் மாட்டி அப்படியே இறக்கினேன். முதல் சுற்றிலேயே கொஞ்சம் இறுக்கமாக வந்தது. புது பிளக் அல்லவா, அப்படித்தான் இருக்கும் என்று இன்னும் முறுக்கினேன். மரை மாறி ஏறியிருக்கிறது. நான் முறுக்க முறுக்க அலுமினியத்தைச் சீவிக்கொண்டே இறங்கியிருக்கிறது. ஹெட்டை இறக்கி லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், துளையைப் பெரிதாக்கிப் புது மரை வைத்து, திரும்ப ஏற்றிக் கொடுக்க மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் பஸ்ஸில்தான் போனேன்.

அதனால் பிளக்கை எப்போதும் கையால் ஆரம்பியுங்கள். பெட்ரோல் டியூப் இதற்குத்தான். பிளக்கின் தலையில் டியூபைச் செருகி, குழிக்குள் இறக்கி, விரலால் சுற்றுங்கள். முதலில் அரைச் சுற்று எதிர்ப்பக்கம் சுற்றினால் மரை மரையோடு ‘டப்’ என்று உட்காருவது கைக்குத் தெரியும். அதிலிருந்து இறுக்கும் பக்கம் சுற்றுங்கள். நேராக ஏறினால் வெண்ணெய் மாதிரி ஓடும். கோணலாக ஏறினால் டியூப் வழுக்கிச் சுற்றுமே தவிர பிளக் நகராது, மரைக்கும் சேதம் இல்லை. இத்தனை மலிவான பாதுகாப்பு வேறு எதிலும் கிடையாது.

கையால் முழுக்க இறங்கி உட்கார்ந்த பிறகுதான் ராட்செட். வாஷர் உள்ள 14 மி.மீ. புது பிளக் என்றால் அங்கிருந்து அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு பங்குச் சுற்று. கடிகாரத்தின் பெரிய முள் 12-லிருந்து 6 அல்லது 8 வரை போகிற அளவு. வாஷர் நசுங்குவது கையில் தெரியும். ஏற்கெனவே மாட்டிக் கழற்றிய பிளக் என்றால் வாஷர் நசுங்கியே இருக்கும். முள் 12-லிருந்து 1-க்குப் போகிற அளவு போதும். வாஷர் இல்லாமல் கூம்பு மாதிரி உட்காரும் ரகத்துக்கு அதைவிடவும் குறைவு. டார்க் ரெஞ்ச் உள்ளவர்களுக்கு: அலுமினிய ஹெட்டில் வாஷர் உள்ள 14 மி.மீ. பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. பிளக்குக்கு 15 முதல் 20. பெட்டியின் மேலேயே பெரும்பாலும் படம் போட்டிருப்பார்கள்.

‘நல்லா டைட்டா வைப்பா’ என்று பக்கத்தில் நின்று சொல்பவர்களை வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள். அதற்காகத் தளர்வாகவும் விடக் கூடாது. தளர்ந்த பிளக் சூட்டைக் கடத்தாது, அதிகம் சூடேறி நுனி உருகும், ஓட்டத்தில் வெளியே பிடுங்கிக்கொண்டு வருவதும் உண்டு.

மரையில் கிரீஸோ ஆயிலோ தடவலாமா?

தடவாதீர்கள். இப்போது வரும் பிளக்குகளின் மரைக்கு ஒட்டிக்கொள்ளாத பூச்சு ஏற்கெனவே இருக்கிறது. வழுக்கலாக இருந்தால் அதே பலத்துக்கு இன்னும் ஆழமாக முறுகும், மரை இழுபடும். காயிலின் அடியில் இருக்கும் ரப்பர் உறைக்குள் சிலிகான் கிரீஸ் பட்டாணி அளவு தடவலாம், அடுத்த முறை ஒட்டாமல் வரும்.

இடைவெளியை நாமே சரிசெய்ய வேண்டுமா?

அளந்து பாருங்கள், பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நிக்கல் பிளக்கில் வித்தியாசம் இருந்தால் பக்கக் கொம்பை மட்டும் மெதுவாக வளைக்கலாம். நடு முனையைத் தொடக் கூடாது. இரிடியம் என்றால் வளைக்கவே வேண்டாம், அந்த ஊசி முனை ஒடிந்தால் போச்சு. கீழே விழுந்த பிளக்கையும் மாட்டாதீர்கள், பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்திருக்கலாம்.

டூவீலர் மெக்கானிக்குகள் ஆக்சா பிளேடை நுழைத்து இடைவெளி பார்ப்பார்கள். பிளேடின் கனம் 0.6 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. பைக்குக்குக் கிட்டத்தட்டச் சரி. காருக்கு 1.0, 1.1 என்று வரும்போது அந்தக் கணக்கு உதவாது. டர்போ வண்டிக்கு மறுபடியும் குறைவு, ஏனென்றால் அழுத்தம் கூடினால் பொறி தாண்டுவது கஷ்டம். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் ஒன்று வாங்கிவிடுங்கள்.

கழற்றிய பிளக்கைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

நிறைய. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வது மாதிரிதான் இதுவும். கழற்றிய வரிசையிலேயே ஒரு அட்டையில் குத்தி வையுங்கள், எது எந்த சிலிண்டர் என்று மாறக் கூடாது.

நுனி இளம் பழுப்பிலோ சாம்பல் நிறத்திலோ காய்ந்து இருந்தால் எஞ்சின் ஆரோக்கியமாக இருக்கிறது. அடுப்புக்கரி மாதிரி காய்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். பக்கத்துத் தெருக் கடைக்கு மட்டுமே போய்வரும் வண்டியிலும் இப்படிக் கரி பிடிக்கும். பிளக்கின் நுனி 450 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் ஒட்டிய கரி தானாக எரியும். குட்டி ஓட்டங்களில் அந்தச் சூடு வருவதே இல்லை. ஈரமான, பிசுபிசுப்பான கறுப்பு என்றால் சிலிண்டருக்குள் ஆயில் வருகிறது, பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். வெள்ளையாக வெளுத்துக் கொப்புளம் கட்டியிருந்தால் அதிகச் சூடு. கூலன்ட், வெப்ப எண் எல்லாவற்றையும் பாருங்கள். மூன்றில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தால் அந்த சிலிண்டரில்தான் விஷயம்.

வெள்ளைப் பீங்கானில், இரும்பு உடலுக்குச் சற்று மேலே பழுப்பு வளையம் ஒன்று இருந்தால் மட்டும் பயப்படாதீர்கள். புகை கசிந்த தடம் என்று பலர் நினைக்கிறார்கள். உயர் மின்னழுத்தம் காற்றிலுள்ள ஆயில் துகள்களை இழுத்து ஒட்டவைத்த கறை அது. அதனால் பாதகம் இல்லை.

குழிக்குள் ஆயில் நிற்கிறது, இல்லை தண்ணீர் நிற்கிறது.

ஆயில் என்றால் மேலே இருக்கும் டாப்பெட் கவரின் ரப்பர் சீல் போயிருக்கிறது. பழந்துணியைக் குச்சியில் சுற்றி ஒற்றி எடுத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள். சீலைச் சீக்கிரம் மாற்றுங்கள், ஆயிலில் ஊறினால் காயில் ரப்பர் உப்பிப்போகும்.

தண்ணீர் என்றால் வாட்டர் சர்வீஸ்தான் காரணம். பானெட்டைத் திறந்து பிரஷரில் அடித்துவிட்டிருப்பார்கள். ‘நேத்து சர்வீஸ் விட்டேன், இன்னிக்கு மிஸ்ஸிங்’ என்று வருகிற புகார்களில் பாதி இதுதான். பம்பால் ஊதிக் காயவைத்தாலே சரியாகிவிடும்.

பழைய பிளக்கைச் சுத்தம் செய்து மாட்டலாமா?

உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது நம் அப்பாக்கள் காலத்திலிருந்து வருகிற பழக்கம். அவசரத்துக்கு நிக்கல் பிளக்கில் செய்யலாம், வீடு வந்து சேரும். கரி போகுமே ஒழிய, அரித்துப்போன விளிம்பு திரும்ப வராது. கூரான விளிம்பிலிருந்துதான் பொறி சுலபமாகக் கிளம்பும், மழுங்கினால் சிரமம். இரிடியத்தில் பிரஷ்கூடப் படக் கூடாது.

சிஎன்ஜி வண்டிக்கு ஏதாவது வித்தியாசம் உண்டா?

உண்டு. எரிவாயுக் கலவையைப் பற்றவைக்க அதிக வோல்ட் வேண்டும், பிளக் சீக்கிரம் தேயும். கையேட்டில் சிஎன்ஜிக்குத் தனி இடைவேளை கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். பெட்ரோலில் நன்றாக ஓடி, கேஸுக்கு மாறியதும் மிஸ்ஸிங் அடித்தால் முதல் சந்தேகம் பிளக் மேல்தான்.

மாற்றியபிறகு வண்டி உதறுகிறதே?

பதற்றப்படாதீர்கள். பத்தில் எட்டு முறை ஏதோ ஒரு காயில் கனெக்டர் ‘க்ளிக்’ என்று உட்கார்ந்திருக்காது. ஒவ்வொன்றையும் அழுத்திப் பாருங்கள். அடுத்து ஏர் ஃபில்டர் பெட்டியின் பைப்புகளைப் பாருங்கள், ஒன்று மாட்டாமல் தொங்கும். துணியை எடுத்தீர்களா? அதையும் பாருங்கள், சிரிக்காதீர்கள். இவ்வளவுக்கும் பிறகு உதறினால் ஸ்கேனர், இடமாற்றச் சோதனை.

வாரண்டி இருக்கும்போது செய்யலாமா?

அந்தக் காலம் முடியும்வரை சர்வீஸ் சென்டரிலேயே செய்துவிடுங்கள். பின்னால் எஞ்சினில் எது வந்தாலும் ‘நீங்க கை வச்சீங்களா’ என்ற கேள்விக்கு நின்று பதில் சொல்ல வேண்டாம்.

பழைய பிளக்குகளை என்ன செய்வது?

தேய்ந்திருந்தாலும் ஓடிக்கொண்டிருந்த நிலையில் கழற்றியது என்றால், நல்லதாக ஒன்றைத் துணியில் சுற்றி, சாக்கெட்டோடு டிக்கியில் போட்டு வையுங்கள். ராத்திரி நேரத்தில் உளுந்தூர்ப்பேட்டைக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் ஒரு பிளக் போனால் அதன் அருமை தெரியும். மாற்றிய தேதி, கிலோமீட்டர் இரண்டையும் மாஸ்கிங் டேப்பில் எழுதி பானெட்டுக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். மிச்சத்தைப் பழைய இரும்புக்கடையில் போடலாம். இரிடியம் தங்கத்தைவிட அபூர்வமான உலோகம் ஆயிற்றே என்று பேரம் பேச நினைத்தால், நுனியில் இருப்பது ஊசி முனை அளவுதான். கடைக்காரர் இரும்பு விலைதான் போடுவார்.